கூட்டம் கண்டால் வேலை செய்யும் சௌக்கிதார்

என் மருமகள் ஃப்ரீசரிலிருந்து பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டை எடுத்து வந்தாள். அதை ஒரு துண்டில் சுற்றி என் வலது கண்மேல் வைத்துப் பிடித்தாள். இத்தனை வருஷம் நான் செய்த கிண்டலுக்கெல்லாம் இன்றைக்குப் பழி தீர்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கண்ணை மூடிக்கோங்க அத்தை. அசையாதீங்க."

"சாப்பாட்டுக்கு மட்டர் புலாவ்னு சொன்ன. அத என் மூஞ்சியிலயா வேக வைக்கப் போற?"

"கொஞ்ச நேரம் பேசாம இருங்க ப்ளீஸ்."

"வாய்க்கும் ஒரு பாக்கெட் இருக்கா தாயி?" என்று சோபாவிலிருந்து கேட்டார் என் வீட்டுக்காரர்.

வேறு நாளாக இருந்தால் மருமகள்தான் முதலில் சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. பாக்கெட்டை எடுத்துவிட்டு என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி மூடிக் கிடந்த இமை மெல்ல மேலே ஏறியது. எனக்கே தெரிந்தது, அறைக்குள் வெளிச்சம் கூடியது போல. அவள் முகம் மட்டும் இறங்கிப்போனது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

தீபாவளி கழிந்து குளிர் ஆரம்பித்தபோது என் வலது இமை இறங்க ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் ஆனால், கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மீதி வியாபாரம் பார்ப்பானே, அது போல ஆகிவிடும். டாக்டரிடம் போகலாம் என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் சந்தோஷம். கல்யாணமான புதிதில்கூட நான் அவரைப் பார்த்துக் கண்ணடித்ததில்லை. பென்ஷன் வாங்கும் வயதில் தினமும் சாயங்காலம் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

அடுத்து குரல் மாறியது. இருட்டுகிற நேரத்தில் நான் பேசினால் பேச்சு மூக்கு வழியாக வந்தது. முறுக்கைக் கடித்தால் பாதியிலேயே தாடை ஓய்ந்துபோகும். ஒருநாள் குடித்த தண்ணீர் மூக்கில் வந்தது. அதையும் சிரிப்பாக்கித்தான் சொன்னேன். நான் எதைச் சொன்னாலும் கேட்கிறவர்கள் சிரிக்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குத் தில்லியில் பிழைக்க வேறு என்ன இருக்கிறது. இந்தி வராத காலத்தில் ஆட்களைப் போல நடித்துக் காட்டித்தான் காய்கறியே வாங்கினேன். அப்படியே பழகிவிட்டது. எங்கள் கட்டடத்தின் காவல்காரர், பூசாரி, மாடிவீட்டு ரிட்டயர்டு ஆபீசர் என்று எல்லோரும் என் தொண்டைக்குள் குடியிருக்கிறார்கள்.

அதில் முதல் குடித்தனம் கீழ்வீட்டுப் பெஹன்ஜி.

பஞ்சாபி அம்மாள்; பெஹன்ஜி என்றால் இந்தியில் சகோதரி. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டை ஒட்டிய வீடு. என் வீட்டில் தாளித்தால் அவள் தும்முவாள். ரிட்டயர் ஆனபிறகு இரண்டு குடும்பமும் பேசிவைத்து, தில்லித் துவாரகாவில் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக ஃப்ளாட் வாங்கினோம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து மூக்குப் பேச்சு. நான் அவளைப் போலப் பேசிக் காட்டினால் முதலில் சிரிப்பவள் அவள்தான். "ஏ மதராசன், என்னைப் பேசு," என்று அவளே கேட்பாள். கல்யாணம், கர்வாசௌத் நோன்பு, லோஹ்ரிப் பண்டிகை என்று பெண்கள் கூடும் எந்த இடத்திலும் அது ஒரு ஐட்டம்.

ஜனவரியில் பெஹன்ஜியின் அக்கா இறந்துபோனாள். பிரார்த்தனைக் கூட்டம் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள ஹாலில் நடந்தது. லூதியானாவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். காலையிலிருந்து அவர்களுக்கு இட்லி அவித்ததும் நான்தான், சாம்பார் வைத்ததும் நான்தான். ஒரு நிமிஷம் உட்காரவில்லை. சாயங்காலம் சேலை மாற்றிக்கொண்டு போய், வெள்ளைத் துப்பட்டாக்களுக்கு நடுவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அக்கா போனாலும் நாங்கள் இருக்கிறோம் என்று இந்தியில் சொன்னேன்.

அது அவள் குரலிலேயே வந்தது. அச்சு அசலாக. இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு சுத்தமாக அவளைப் பேசியதே இல்லை.

பின்னால் யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்தாள். ஐயோ என்று பதறி, ஆறுதலாக ஒரு சிரிப்புச் சிரிக்கப் பார்த்தேன். அது என்ன சிரிப்பாக வந்தது என்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. உதட்டின் ஓரங்கள் ஏறவே இல்லை. நடுவில் மட்டும் உதடு தூக்கிப் பல் தெரிந்தது. தெருநாய் உறுமுகிறபோது அப்படித்தான் இருக்கும்.

பெஹன்ஜி கையை உருவிக்கொண்டாள்.

"ஆஜ் பீ?" என்றாள். இன்றைக்குமா என்று அர்த்தம்.

அதற்குப்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. லிஃப்டில் பார்த்தால் நம்பர்ப் பட்டனைப் பார்த்து நின்றுகொள்வாள். மறுநாள் காலையிலேயே போய், வேண்டும் என்று செய்யவில்லை, குரல் தானாக அப்படிப் போனது என்றேன். காலை ஆனதால் என் குரல் மணி போல இருந்தது. அவள் அதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன்.

மருமகள் இதைக் கவனித்தது பிறகுதான். அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். தில்லியில் பிறந்தவள், மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஆனாலும் கோபம் வந்தால் இந்திதான் வரும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் வேலை. நம் உடம்பின் காவலே நம் நரம்பைத் தாக்குகிற வியாதிகள் இருக்கின்றன அல்லவா, அப்படித் தாக்குகிறதா என்று ரத்தத்தில் தேடிப் பார்க்கிற லேப். பார்க்கில் உட்காரும் பெண்களிடம், என் மருமகள் ரத்தத்தில் ஜாதகம் பார்க்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தேன். இரண்டு பேர் பெண்ணுக்கு எப்போது வரன் அமையும் என்று அவளை லிஃப்டில் கேட்டுவிட்டார்கள்.

அவளும் என் மூக்குப் பேச்சைக் கேட்டு, "போதும் அத்தை, இது பழைய ஐட்டம்," என்று சிரித்தவள்தான். ஒருநாள் வேலை முடிந்து சீக்கிரம் வந்திருக்கிறாள். நான் அடுப்படியில் தனியாக நின்று தைப்பூசத்துக்கு என்ன செய்யலாம் என்று முருகனிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். மூக்கால்தான்.

வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறாள்.

"யார்கிட்ட பேசுறீங்க அத்தை?"

"முருகன்ட்ட."

"முருகன் சிரிச்சாரா?"

"அவன் என்னைக்குச் சிரிச்சான்."

"அதான். கேக்க ஆள் இல்லாம நீங்க நடிக்கவே மாட்டீங்க," என்றாள். நேராக ஃப்ரீசரைத் திறந்தாள். அப்படித்தான் பட்டாணி என் கண்ணுக்கு வந்தது.

இமை ஏறியதும் என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். நரம்பு போய்க் காலிங் பெல்லை அழுத்தினால் தசை கதவைத் திறக்கவேண்டும். அதுதான் இமை தூக்குவதும், மெல்லுவதும், சிரிப்பதும். காவலுக்கு இருக்கிற ஆன்டிபாடி புத்தி கெட்டுப்போய் பெல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டால் அழுத்தி என்ன பிரயோஜனம். குளிர் பட்டால் கொஞ்ச நேரம் பெல் வேலை செய்யும். ஓய்வெடுத்தாலும் செய்யும். அதனால்தான் காலையில் நன்றாக இருக்கிறது.

"நம்ம கேட்டுல நிக்கிற சௌக்கிதார் மாதிரி," என்றேன். "திருடன உள்ள விட்டுட்டு, வீட்டுக்காரியப் புடிச்சு எந்த ஃப்ளாட்டும்பான்."

"பில்குல் அதேதான் அத்தை."

"வைத்தியம் இருக்கா?"

"இருக்கு. விட்டாத்தான் ஆபத்து. தொண்டைல இருக்கிறது மூச்சுக்குப் போகும்."

அவள் கை என் முழங்கால்மேல் இருந்தது. ஐஸ் பிடித்த கை, ஜில்லென்று இருந்தது. எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை.

டாக்டரம்மாவைப் பார்த்தோம். நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். முடிவு பட்டும் படாமலும் வந்தது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். ரத்தம் மருமகள் லேபுக்கே போனது. ஆனால் அவள் தொடக்கூடாது. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. குழாயில் பேர் இருக்காது, நம்பர்தான். சொந்தக்காரர்கள் ரத்தம் வந்தால், வேலை செய்கிறவர்கள் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவேண்டும். ஆசை கண்ணை மறைக்குமாம்.

"உனக்கு என்ன ஆசை? மாமியாருக்கு இருக்கணும்னா, இருக்கக்கூடாதுன்னா?" என்று கேட்டேன்.

"போங்க அத்தை," என்றாள். 

ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்தது.

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நெகட்டிவ் வந்தால் நல்ல சேதி. கொரோனா காலத்தில் படித்த பாடம். நேராக மார்க்கெட் போய் ஜிலேபி வாங்கிவிட்டார். வருகிற வழியில் லிஃப்டில் பெஹன்ஜியைப் பார்த்திருக்கிறார். அவளுக்கும் ஒரு ஜிலேபி நீட்டி, "டெஸ்டுல ஒண்ணுமே இல்ல பெஹன்ஜி, அவளுக்கு ஒரு வியாதியும் கிடையாது," என்று சொல்லியிருக்கிறார்.

வியாதி இல்லை என்றால் நடிப்பு. அதற்குமேல் பெஹன்ஜி என்ன நினைப்பாள். ஜிலேபியை வாங்கிக்கொள்ளவில்லையாம்.

"சுகர் இருக்குன்னு வேண்டாம்னுட்டா போல," என்றார் இவர், தட்டை என்னிடம் நீட்டி.

எனக்கு ஜிலேபியை மெல்ல முடியவில்லை. சாயங்காலம் ஆகியிருந்தது. வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வியாதி இருக்கவேண்டும் என்று நானே வேண்டிக்கொண்டது அந்த நாள்தான். வியாதி வந்தால் மாத்திரை சாப்பிடலாம். வேண்டும் என்றே துக்கவீட்டில் அவளைக் கேலி செய்தேன் என்று ஆகிவிட்டால் அதற்கு எந்த மாத்திரையைச் சாப்பிடுவது.

மருமகள் ஜிலேபியைத் தொடவில்லை.

"மாமா, நெகட்டிவ்னா அந்த டெஸ்டுல மாட்டலைன்னுதான் அர்த்தம். இல்லைன்னு அர்த்தம் இல்ல."

"டெஸ்ட் பொய் சொல்லுமா தாயி?"

"பொய் சொல்லல. அந்த டெஸ்டுல பெல்லெல்லாம் தனித்தனியா தண்ணில மிதக்கும். உடம்புல அப்படி இல்ல. தசைமேல நெருக்கிப் பிடிச்சு, ஜன்பத் பஜார்க் கூட்டம் மாதிரி ஒட்டி ஒட்டி இருக்கும். சில பேரோட ஆன்டிபாடி கூட்டமா இருந்தாத்தான் பிடிக்கும். தனியா ஒண்ணைக் காட்டினா கண்டுக்காது."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"அப்பம் இவளுக்கு அதுதான்," என்றார். "நாலு பேர் கூடினாத்தான் இவளுக்கும் வேல ஓடும்."

அவர் சொன்னதிலேயே உருப்படியான விஷயம் அதுதான்.

கூட்டமாக வைத்துப் பார்க்கிற டெஸ்டை அவர்கள் லேபில் அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். கண்ணாடித் துண்டில் செல்லை வளர்க்கிறார்கள், நாம் தொட்டியில் வெந்தயக்கீரை போடுகிற மாதிரி. அந்தச் செல்களின் மேல் பெல்லை நெருக்கமாக முளைக்க வைக்கிறார்கள். அதன்மேல் நம் ரத்தத்தின் தெளிந்த நீரை விடுகிறார்கள். சௌக்கிதார் இருந்தால் போய் ஒட்டிக்கொள்வான். அப்புறம் பச்சையாக மின்னுகிற ஒரு மருந்தை விட்டால், அவன் உட்கார்ந்த இடமெல்லாம் பச்சையாகத் தெரியும். இல்லாவிட்டால் இருட்டு. டாக்டரம்மாவும் செய்துபார்க்கலாம் என்றார்.

செல்லை வளர்த்தது என் மருமகள்தான். அது யார் ரத்தத்துக்கு என்று பார்க்காமல் எல்லோருக்குமாக வளர்ப்பது. முடிவைப் பார்க்கும்போது மட்டும் வெளியே போய்விட்டாள். இருட்டறைக்குள் ஒருவர் பார்த்து எழுதி மடித்து வைத்துவிட்டு வரவேண்டும். அப்புறம் இன்னொருவர் போய்ப் பார்த்து எழுதவேண்டும். இருவரும் எழுதி முடிக்கிறவரை ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. இவள் வராந்தாவில் டீ மிஷின் பக்கத்தில் நின்றிருக்கிறாள். முதலில் பார்த்தவர் வெளியே வந்து இவளிடம் டீயில் சர்க்கரை அதிகம் என்று சொல்லியிருக்கிறார். "அந்த ஆளோட மூஞ்சில ஒண்ணுமே தெரியல அத்தை, அடிக்கலாம் போல இருந்துச்சு," என்றாள் பிறகு.

மத்தியானம் போன் வந்தது.

"அத்தை," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "பாஸிட்டிவ். ரெண்டு பேரும் பாஸிட்டிவ்னு எழுதியிருக்காங்க."

"எதுக்குட்டி அழுத? சௌக்கிதார் கிடைச்சிட்டாம்லா."

"தெரியல. சந்தோஷமா இருக்கு. சந்தோஷப்படக்கூடாது இல்ல?"

"நீ படு. நானும் படுதேன்."

போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன், கண்ணீரும் வந்தது. என் வீட்டுக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நெகட்டிவுக்கு ஜிலேபி வாங்கினா மூஞ்சியத் தொங்கப் போடுதிய. பாஸிட்டிவுக்கு மாமியாளும் மருமவளும் சிரிக்கிய. இப்பம் நான் என்னத்த வாங்க?"

"ரவ வாங்கிட்டு வாங்க. கேசரி கிண்டுதேன். மெல்லாண்டாம், வழுக்கிட்டுப் போவும்."

மருந்து வாங்கப் போன நாளில், லேபின் தலைமை அம்மா அனுமதி கொடுத்து, மருமகள் என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தாள். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். நல்ல கண்ணால்தான். கும்மிருட்டுக்குள் வட்டம் வட்டமாகப் பச்சை விளக்கு. கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு மாதிரி.

"இதெல்லாம் என்னோடதா?"

"உங்களோடதுதான்."

"எனக்கு எதிராவே சோலி பாக்குத சவம். பாக்க எம்புட்டு அழகா இருக்கு."

அவள் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வேலை செய்த பெண்களிடம், "மேரி சாஸ்," என்றாள். என் மாமியார். பச்சையைக் காட்டிச் சொன்னாளா, என்னைக் காட்டிச் சொன்னாளா தெரியாது.

மாத்திரை விழுங்கினால் கொஞ்ச நேரத்தில் இமை ஏறும், குரல் திரும்பும், சில மணி நேரத்தில் வேலை தீரும், அடுத்த மாத்திரை. வயிற்றைக் கடாமுடா என்று புரட்டும். சௌக்கிதாரை அடக்க வேறொரு மாத்திரையும் கொடுத்தார்கள், அது முகத்தைத் தோசை மாதிரி உப்ப வைத்துவிட்டது. போகட்டும்.

பாஸிட்டிவ் என்று மருமகள் கீழே போய்ச் சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் லிஃப்டில் சொல்லியிருக்கலாம். இருவரையும் வேண்டாம் என்றேன். போன தடவை சொல்லப்போய்த்தான் இந்தக் கதி. காலையில் நல்ல குரலோடு போனால் பழையபடி கதவு சாத்தப்படும். அதனால் சாயங்கால மாத்திரையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு, இமை இறங்க ஆரம்பித்ததும் கீழே போய் பெல் அடித்தேன். மருமகளிடம் சொல்லவில்லை. பிறகு தெரிந்து இந்தியில் திட்டினாள்.

பெஹன்ஜி கதவைத் திறந்தாள். அவளைக் கேட்காமல் உள்ளே போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்ன வேணும்?" என்றாள் இந்தியில்.

"தண்ணி," என்றேன். மூக்குக் குரலில்தான். அவள் முகம் சிவந்தது.

"பெஹன்ஜி, ஒரு டீ குடிக்கிற நேரம் என்னையே பாரு. அப்புறம் வெளிய போன்னு சொன்னா போயிடுறேன்."

தண்ணீர் வைத்தாள். மாத்திரையைக் காட்டினேன். தலையைக் குனிந்து, மெல்ல மெல்ல, பாதித் தண்ணீரை நெஞ்சில் சிந்திக்கொண்டு விழுங்கினேன். அந்தச் சிந்தலைத்தான் அவள் முதலில் பார்த்தாள் என்று நினைக்கிறேன். உள்ளே போய் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். டீ போட்டாள். எதிரே உட்கார்ந்தாள். டிவியில் யாரோ ராகி மாவில் லட்டு செய்துகொண்டிருந்தார்கள். லட்டு முடிந்து அடுத்து ஏதோ வந்தது. டீ ஆறிப்போனது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

இமை ஏறுவதை அவள் கண்ணில்தான் முதலில் கண்டேன். என் கண் திறக்கத் திறக்க அவள் கண்ணும் கூடவே பெரிதாகிக்கொண்டு வந்தது.

"இப்பப் பேசு," என்றாள்.

"அன்னிக்கு உன் அக்காவுக்காகத்தான் வந்தேன் பெஹன்ஜி." என் குரலில், திருநெல்வேலி இந்தியில், கொச்சையாக வந்தது. "அன்னிக்கு என் குரல் வீட்டுல இல்ல. உன்னுது மட்டும்தான் இருந்துச்சு."

 எனக்குப் பயம் வந்தது. கூட்டம் இல்லை, சிரிக்கவைக்க ஒன்றும் இல்லை, ஒரே ஒருத்தி. சிரித்துப் பார்த்தேன். உதட்டின் ஓரங்கள் கொஞ்சமாக ஏறின, முழுசாக இல்லை. முன்பு கண்ணாடியில் பார்த்த நாய் இல்லை அது.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏ மதராசன்," என்றாள், அவள் சொந்த மூக்குக் குரலில். "இத்தனை நாள் என் குரலை எடுத்துட்டுப் போய் வச்சிருந்தே. திருப்பிக் குடுத்துட்ட இல்ல? அப்போ ஒரு தடவை, என்னைப் பேசு."

பேசிக் காட்டினேன். சரியாக வரவில்லை. மாத்திரை நன்றாகப் பிடித்திருந்தது.

"இப்படியா நான் பேசுவேன்," என்று சொல்லி, எப்படிப் பேசவேண்டும் என்று அவளே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.